கம்பளி கிடந்த வீடு

போன மாசம் என் மகன் குளிர் தேசத்திலிருந்து ஒரு சால்வை அனுப்பியிருந்தான். சாம்பல் நிறம். தொட்டால் பூனைக்குட்டி மாதிரி மெத்தென்று இருந்தது. ஓரத்தில் தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டில் வாளி, இஸ்திரிப் பெட்டி என்று படம் படமாகப் போட்டு, எல்லாவற்றின் மேலும் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். கண்ணாடியைத் தேடி எடுத்து அதையெல்லாம் பார்க்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? பெட்டி வாடை போகட்டும் என்று வெந்நீரில் முக்கி, சோப்புப் போட்டு, துவைக்கிற கல்லில் நாலு சாத்துச் சாத்தினேன். காய்ந்த பிறகு எடுத்துப் பார்த்தால் கைக்குழந்தைக்குத்தான் ஆகும் போலிருந்தது. மகனிடம் போனில், “நல்லா கதகதன்னு கீதுப்பா” என்று சொல்லிவைத்திருக்கிறேன். நீங்களும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

சால்வை போனது போகட்டும். அதைப் பிழியும்போது ஒரு வாடை வந்தது. எந்த நாட்டு ஆடோ, எந்த மெஷினில் நெய்ததோ, ஈரம் பட்டதும் ஆடு வெளியே வந்துவிட்டது. மழையில் நனைந்து கொட்டகைக்குள் ஒண்டிய ஆட்டு மந்தையின் வாடை. அது மூக்கில் ஏறினதும் துணியைக் கல்மேலேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வயசுக்கு அப்புறமும் அந்த வாடை வந்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சித்தூரில் ஹைஸ்கூல் படித்தபோது விடுதியில் எனக்குப் பக்கத்துப் பாயில் படுத்தவள் பங்காருபாளையத்துப் பெண். லீவுக்குப் போய்த் திரும்பினால் அவள் டிரங்குப் பெட்டி மாம்பழமாக மணக்கும். சரித்திரப் புத்தகத்தைத் திறந்தால்கூட மாம்பழ வாசனைதான். அவளும் நானும் தையல் வகுப்பில் உல்லன் நூலில் குழந்தைக்குக் காலுறை பின்னினோம். சித்தூர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கை வியர்த்து ஊசி வழுக்கும், ரோஸ் நிற நூல் அழுக்காகிக் கறுத்துப்போகும். இந்த ஊரில் எந்தக் குழந்தைக்கு இந்தக் காலுறை என்று டீச்சரிடம் கேட்கிற தைரியம் எங்கள் இரண்டு பேருக்கும் கடைசிவரை வரவில்லை.

எங்களுக்கு உல்லன் என்றால் ஒன்று, கம்பளி என்றால் வேறொன்று. உல்லன் என்பது கடையில் பந்து பந்தாக விற்பது. வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு உரியது. கம்பளி என்பது கறுப்பாக, முரடாக, வயலில் மடை திருப்பப் போகிற ஆம்பிளைகள் தலைமேல் போட்டுக்கொள்வது. இரண்டும் ஒரே ஆட்டு மயிர்தான் என்று விஞ்ஞான டீச்சர் சொன்ன அன்றைக்கு வகுப்பே சிரித்தது. இங்கிலீஷில் ஆட்டின் முதுகில் இருக்கும்போதே அதற்கு ஒரு பேர் உண்டாம், துணியான பிறகும் அதே பேராம். நம்மிடம் ஆட்டின்மேல் இருக்கும்வரை மயிர், போர்வையான பிறகுதான் கம்பளி. தெலுங்குப் பெண்கள் கொங்கடி என்பார்கள். முருங்கை மரத்தில் அப்பிக்கொண்டிருக்குமே ஒரு புழு, அதை நாம் கம்பளிப் பூச்சி என்கிறோம், அவர்களும் கம்பளியின் பேரை வைத்துத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் காலத்துச் சித்தூர் ஜில்லாவில் தமிழர்களும் தெலுங்கர்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போன விஷயம் இந்தப் பூச்சி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். கம்பளி ஈரத்தைச் சட்டென்று உள்ளே விடாது, சூட்டை வெளியே விடாது. அதை நான் அடிக்கோடு போட்டு மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. வீட்டில் வந்தது.

எங்கள் ஊர் நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், ரயில் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு சின்னக் கிராமம். வேர்க்கடலை, கரும்பு, கொஞ்சம் நெல். நைனா, அம்மா, நான், என் தம்பி. தம்பி அப்போது புத்தூரில் அத்தை வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தான். நான் ஹைஸ்கூல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். திருப்பதியில் டீச்சர் டிரெய்னிங் சேர இடம் கிடைத்திருந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு தூரம் போன முதல் பெண் நான்தான் என்று எனக்குள் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. நைனா திருப்பதிக்குப் போய்ப் பச்சை நிறத்தில் ஒரு டிரங்குப் பெட்டி வாங்கி வந்தார். மூடியில் என் பேரை வெள்ளைப் பெயின்ட்டில் எழுதச் சொல்லியிருந்தார். நான் தினமும் அதைத் துடைத்து வைப்பேன்.

ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்தபோது எங்கள் ஜில்லா மொத்தமும் அதோடு போய்விட்டது. எங்களைப் போன்ற தமிழ்க் கிராமங்களைத் திரும்பச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று ஊருக்கு ஊர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று விசாரிக்கப் பெரிய அதிகாரி சித்தூருக்கு வரப்போகிறார் என்று பேச்சு. நைனாவுக்குத் தெலுங்கும் சுத்தமாக வரும், தமிழும் கணீரென்று வரும். அதனால் ஊர் சார்பில் பேச அவரைத்தான் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் எங்கே பேசினாலும் ஒரு வாக்கியம் தவறாது: “எங்கள ஒரு வார்த்த கேக்காம எங்கள அந்தப் பக்கம் தள்ளிட்டாங்க. இது நாயமா?” கூட்டம் “இல்ல, இல்ல” என்று கத்தும். நானும் பெண்கள் பக்கம் நின்றுகொண்டு கத்தியிருக்கிறேன்.

வீட்டில் இரண்டு கம்பளி உண்டு. ஒன்று நைனா வயலுக்குக் கொண்டுபோவது. நாய்க்குட்டி படுக்கும், வேர்க்கடலை மூட்டையை மூடும், எல்லாவற்றுக்கும் அதுதான். இன்னொன்று பரண்மேல் வேட்டித் துணியில் சுற்றி, வேப்பிலை போட்டு வைத்திருந்தது. சந்திரகிரிக்கு அந்தப் பக்கத்து ஆட்டுக்காரர்கள் நெய்தது, கலப்பில்லாத கறுப்பு. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ‘தொடாதே’ என்பது ஒன்றுதான். பத்து வயசிலேயே படிக்கக் கிளம்பிப் போனவளுக்கு வீட்டு வழக்கம் என்ன தெரியும்? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கத்திரி முடிந்த சமயம். ஒரு சாயங்காலம் திடீரென்று இடி மழை பிடித்துக்கொண்டது. நைனா தன் கம்பளியோடு வயலில் இருந்தார். அம்மா கொட்டகையில் மாடுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். கூடத்துக் கூரை ஒழுகி, சுருட்டி வைத்திருந்த பாய்கள் எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டன. அந்த நேரம் பார்த்துப் பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து பெத்தண்ண மாமாவும் கூட மூன்று பேரும் முழுக்க நனைந்து வந்து நின்றார்கள். பெத்தண்ண மாமா எங்களுக்குத் தூரத்துச் சொந்தம். அந்தப் பக்கத்துக் கிராமங்களை எல்லைக் கூட்டத்துக்குத் திரட்டுகிறவர். நைனாவோடு சித்தூருக்குச் சேர்ந்து போவதைப் பற்றிப் பேச வந்திருந்தார். அவர் தன் தங்கை மகன் கோவிந்தனுக்கு என்னைக் கேட்டிருந்ததும், நைனா “பாக்கலாம், பாக்கலாம்” என்று நழுவிக்கொண்டிருந்ததும் எனக்கும் அரசல் புரசலாகத் தெரியும்.

சாணம் மெழுகின தரை ஈரத்தில் குழைந்து கிடந்தது. வந்தவர்களை எதன்மேல் உட்காரவைப்பது? என் தலைக்குள் விஞ்ஞான டீச்சர் வந்துவிட்டார். கம்பளி ஈரத்தைச் சட்டென்று உள்ளே விடாது. வீட்டிலிருந்த ஒரே நாற்காலி மேல் ஏறிப் பரணிலிருந்து அந்தக் கறுப்புக் கம்பளியை இழுத்து, உதறி, வேப்பிலையைத் தட்டிவிட்டு, கூடத்தின் நடுவில் நாலு மூலையும் இழுத்து அழகாக விரித்தேன். “உக்காருங்க மாமா” என்றேன்.

நாலு பேரும் உட்காரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெத்தண்ண மாமா, “இது... நீயே போடறியாம்மா?” என்றார்.

“வேற யாரு மாமா கீறாங்க? நாந்தான்” என்றேன். பாய் நனைந்துவிட்டது என்று சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதுதான் கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். கோயிலில் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். அவர்கள் வேட்டியிலிருந்து தண்ணீர் இறங்கி அந்த வாடை எழுந்தது. படித்த பெண் கையால் போட்டுக் கொடுத்தால் மரியாதையே தனிதான் என்று நினைத்துக்கொண்டு நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். என்னைப் போல ஒரு முட்டாளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நைனா வாசலுக்கு வந்தவர் ஒரு காலை உள்ளே வைத்தபடி நின்றுவிட்டார். கம்பளியைப் பார்த்தார், அதன்மேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார், பிறகு சமையல்கட்டு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. கால் கழுவி வந்து அவர்களோடு கம்பளிமேல் உட்கார்ந்தார்.

“பொண்ணே கம்பளி போட்டுட்ச்சி மச்சான். இனிமே இன்னா பேசறதுக்கு கீது?” என்றார் பெத்தண்ண மாமா. குரலில் அவ்வளவு சந்தோஷம். “எங்க கோவிந்தனுக்குக் குடுக்கறீங்களா?”

நைனா தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அப்புறம், “சரி” என்றார்.

மழைச் சத்தத்தில் எனக்கு அது சரியாகக் கேட்டது. கேட்காமல் இருந்திருக்கலாம்.

அதற்குள் அம்மா பின்பக்கமாக வந்து, எட்டிப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டாள். என்னைச் சமையல்கட்டின் மூலைக்கு இழுத்துப் போனாள். “இன்னா காரியம்டி பண்ணிக்கீற? அதும்மேல ஒக்காந்து கேட்டா இல்லன்னு சொல்லக்கூடாது. எழுந்துருன்னும் சொல்லக்கூடாது. போட்டவதான் மடிக்கணும். மடிச்சா சொன்ன சொல்லு கெட்டியாயிடும்.”

“மடிக்கலன்னா?”

அம்மா யோசித்தாள். “மடிக்காம இதுவரிக்கும் யாரும் வுட்டதில்ல.”

எங்கள் வகையறாவில் பங்காளிச் சண்டை, பாகம், சம்பந்தம் எதுவாக இருந்தாலும் அந்தக் கறுப்புக் கம்பளிமேல் உட்கார்ந்துதான் பேசி முடிப்பார்களாம். வீட்டுப் பெண் அதைப் போட்டால் அந்த வீட்டுக்குப் பேச்சில் சம்மதம் என்று அர்த்தமாம். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குழம்பில் உப்புப் போட வேண்டும் என்று யாராவது தனியாகச் சொல்வார்களா? தானாகத் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அவர்கள் எழுந்ததும் வெற்றிலையை நடுவில் வைத்து, “மடிம்மா” என்றார்கள். நான் சமையல்கட்டை விட்டு வெளியே வரவில்லை. பெத்தண்ண மாமா சிரித்தார். “வெக்கப்படுது. மெதுவா மடிக்கட்டும்.” துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு தூறலில் இறங்கிப் போய்விட்டார்கள். போகும்போதே பேசிச் சிரித்துக்கொண்டு போனது கேட்டது.

கம்பளி கூடத்தின் நடுவில் கிடந்தது.

அதற்கப்புறம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதை உங்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். கூடம் ஒன்றும் பெரியதில்லை. அதன் நடுவில் அது கிடந்தால் சுவரோரமாக ஒண்டி ஒண்டித்தான் நடக்க வேண்டும். யாரும் அதை மிதிக்கக்கூடாது. நைனா அந்தப் பக்கம் படுத்தார், நாங்கள் இந்தப் பக்கம். கோழி ஏறிவிடப் போகிறது என்று பகலெல்லாம் கதவைச் சாத்தி வைத்தாள் அம்மா. காற்று இல்லாமல், ஈரம் காயாமல், வீடு முழுக்க அந்த வாடை. சோற்றில், தலைமயிரில், என் டிரங்குப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த புதுப் பாவாடையில்கூட அதுதான். வெளியே போனால் தெருவில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. உள்ளே வந்தால் அது கிடந்தது. எனக்குப் போக்கிடமே இல்லை.

நைனா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அதுதான் இன்னும் மோசம். ஒரு நாள் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, “தெரியாமதானே போட்டுட்ட” என்றார்.

“அப்ப அவங்ககிட்ட அதச் சொல்லுங்க நைனா. பாய் நனைஞ்சிட்ச்சின்னு சொல்லுங்க.”

“அதும்மேல ஒக்காந்து சரின்னு சொன்னவன் நானு. பாயி நனைஞ்சிட்ச்சின்னு எப்படிம்மா சொல்லுவேன்?”

டிரெய்னிங் ஸ்கூல் திறக்கிற நாள் வந்தது, போனது. நான் பெட்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். பங்காருபாளையத்துப் பெண்ணும் அங்கேதான் சேருகிறாள் என்று தெரியும். இந்நேரம் என் பாய்க்கு இடம் பிடித்து வைத்திருப்பாள், நான் வரவில்லை என்றதும் வேறு யாரையாவது படுக்கச் சொல்லியிருப்பாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருப்பேன். வீட்டை விட்டு ஓடியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ரயில் ரோடு கூப்பிடு தூரம். ஆனால் கம்பளி மடிக்காமல் கிடக்கும்வரை அந்த வீட்டு ஆம்பிளை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது என்பதும் வழக்கமாம், அம்மா அப்புறம் சொன்னாள். நான் ஓடிப்போனால் நைனா ஆயுசுக்கும் அந்த ஊருக்குள்ளேயே கிடப்பார். அப்படிச் செய்யக்கூடிய மனுஷர்தான் அவர். அது எனக்குத் தெரியும்.

அதிகாரி சித்தூருக்கு வந்துவிட்டார் என்று சேதி வந்தது. காலையில் ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. மாட்டு வண்டி பூட்டி நின்றது. நைனா வெளுத்த சட்டை போட்டுத் தலைப்பாகை கட்டித் தயாராக இருந்தார், ஆனால் வாசற்படி இறங்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்துக் கத்தினார். “உம் பொண்ணு ஒரு கம்பளிய மடிக்கலன்னு ஊரு முச்சூடும் ஆந்திராவுல மாட்டிக்கினு சாவணுமா? வாய்யா, நேரமாவுதுல்ல?”

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ தெரியாது. சுவரோரத்திலிருந்து எழுந்து நின்றேன். “எங்கள ஒரு வார்த்த கேக்காம தள்ளிட்டாங்கன்னு ஊரூரா பேசறீங்களே நைனா, என்னை யாரு கேட்டாங்க?”

வண்டி மாடு கழுத்து மணியை ஆட்டினது மட்டும் கேட்டது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். நைனா கம்பளிக்கு அந்தப் பக்கம் நின்றபடி என்னைப் பார்த்தார். அவர் மட்டும் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

“நீ சொல்றது நாயம்தான்” என்றார். “கேக்கல. தப்புதான். இப்ப கேக்கறேம்மா. உனுக்கு இஷ்டமா, இல்லியா? சொல்லு. நீ இல்லன்னு சொன்னா நான் சட்டைய கயட்டிடறேன்.”

அவர் மனசறிந்துதான் கேட்டார். அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னால் வாசல் நிறைய ஜனம். வெளுத்த சட்டை. ராத்திரியெல்லாம் முணுமுணுத்துப் பாடம் செய்த பேச்சு அவர் தொண்டையில் நிற்கிறது. அவர் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரப்போவதில்லை. என்னைக் கேட்டார்கள், ஆமாம். ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம் வைத்துக் கேட்டார்கள்.

நான் குனிந்து வெற்றிலையை எடுத்தேன். சருகாகிப் போயிருந்தது. ஒரு மூலையைத் தூக்கினேன். அம்மா வந்து மறுமூலையைப் பிடிக்கப் பார்த்தாள். “போட்டவதான் மடிக்கணும்னு சொன்னியேம்மா, வுடு” என்றேன். அடிப்பக்கம் ஈரம் ஊறிக் கனத்தது. டீச்சர் சொன்னதில் அந்தப் பகுதி பொய். மடித்து நைனா கையில் கொடுத்தேன். வாசலில் யாரோ விசில் அடித்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது.

சித்தூரிலிருந்து நைனா முகமெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தார். “அல்லாத்தையும் கேட்டுக்கினாரும்மா. தெலுங்குல கேட்டாரு, தெலுங்குலயே சொன்னேன். தமிழ்ல கேட்டாரு, தமிழ்ல சொன்னேன். நம்ம ஊரு போறது நிச்சயம்.” அந்தச் சந்தோஷத்தில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று அவர் நினைத்தார். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. என் பேர் எழுதின பச்சைப் பெட்டி திருப்பதிக்குப் பதிலாகப் பள்ளிப்பட்டுப் பக்கம் மாட்டு வண்டியில் போனது.

எல்லைக் கோடு உடனே விழவில்லை. இழுத்தடித்து, நான் இரண்டு பிள்ளை பெற்ற பிறகுதான் முடிவானது. என் புருஷன் ஊர் சென்னை ராஜ்யத்துக்கு வந்தது. நைனா அவ்வளவு பேசியும் எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஊர் மொத்தமும் சென்னைக்குப் போக வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்தியது. போய்ச் சேர்ந்தது, யாரும் கேட்காமல் தள்ளிவிட்ட நான் ஒருத்திதான். இதை நினைத்து நான் சிரித்ததும் உண்டு, அடுப்படியில் தனியாக அழுததும் உண்டு.

என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் நைனா, “வேற ராஜ்யத்துக்கு வந்துக்கீறேம்மா, ஒரு வாய் தண்ணி குடு” என்று சிரிப்பார். கரும்பு ஒரு கட்டு, வேர்க்கடலை ஒரு மூட்டை, எதையாவது சுமந்துகொண்டு வருவார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பேன், தெருப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்திருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். நேரம் ஆகியிருக்காது.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் குறையாக எதுவும் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நல்ல மனுஷர். ஆனால் முதல் சில வருஷம் நான் அவரோடு சரியாகப் பேசியதில்லை. ஒரு நாள் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கும்போது பொறுக்க மாட்டாமல், “உங்குளுக்கு இன்னா, ஆம்பள. என்னத்தான் யாரும் கேக்கல” என்றேன். அவர் உரிப்பதை நிறுத்தினார். “என்ன மட்டும் யாரு கேட்டாங்க? மாமா மழைல நனைஞ்சிக்கினு வந்து, முடிஞ்சிப்போச்சுடா, துன்னுட்டுப் படுன்னாரு. அவ்ளோதான்.” எனக்கு அது புதுச் செய்தி. இத்தனை வருஷம் அவரைச் சிறைக்காவலர் என்று நினைத்திருந்தேன். அவரும் பக்கத்து அறைக் கைதிதான். அன்றிலிருந்து அவரோடு பேச ஆரம்பித்தேன்.

நைனா போன பிறகு தம்பி வீட்டை இடித்துக் கட்டினான். பரணை ஒழித்தபோது கம்பளியை எடுத்தானாம், பூச்சி அரித்துக் கையோடு உதிர்ந்துவிட்டதாம். பெரிய நஷ்டம் போலச் சொன்னான். நானும் வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தான். எனக்கு ஒரு சொட்டு வருத்தம் வரவில்லை.

எங்கள் மகள் டெலிபோன் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், திருப்பதியிலிருந்து ஒரு குடும்பம் அவளைப் பார்க்கக் காரில் வந்தது. நல்ல மாதிரியான மனுஷர்கள். நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள், காபி குடித்தார்கள், பையன் படிப்பைப் பற்றிப் பேசினார்கள். மகள் எல்லார் முன்னாலும், “தப்பா நெனைக்காதீங்க. எனக்கு இதுல இஷ்டம் இல்லீங்க” என்றாள். நான் காபி டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இப்போது என்னவோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். கூரை இடியும், யாராவது அலறுவார்கள் என்று. பையனின் அம்மா, “அதனால என்னம்மா, நேரா சொன்னியே, அதுவே நல்லது” என்றாள். எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, எங்கள் முருங்கை மரம் நன்றாகக் காய்த்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றிருந்தார். “அவ்ளோதானா?” என்றார்.

“அவ்ளோதான்” என்றேன். மகள் உள்ளே ரேடியோவைத் திருகிப் பாட்டுக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இந்தா, அன்னிக்கு நீயும் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, எங்க மாமாவும் இப்படித்தான் எழுந்து போயிருப்பாரோ இன்னாவோ?”

அன்றைக்கு மூலையில் நின்று அம்மா யோசித்தது ஞாபகம் வந்தது. அதன்மேல் உட்கார்ந்தவர்களிடம் ‘இல்ல’ என்று ஒருவரும் சொல்லிப் பார்த்ததே கிடையாது. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, நைனாவுக்கும் தெரிந்திருக்காது. ஒருவேளை பெத்தண்ண மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “அதனால இன்னாம்மா” என்று சிரித்துக்கொண்டே எழுந்திருப்பாரோ? எழுந்திருப்பாரா? அம்மாவிடம் கேட்கலாம் என்றால் அம்மா போய்விட்டாள். நைனா, பெத்தண்ண மாமா, கூட வந்த மூன்று பேர், வாசலில் நின்று கத்திய பெரியவர், ஒருவரும் இல்லை. இப்போது என் வீட்டுக்காரரும் இல்லை. அந்தக் கம்பளிமேல் உட்கார்ந்த யாரும் இன்று உயிரோடு இல்லை.